எரித்த கலோரியைத் திரும்பச் சாப்பிடலாமா? ரேஸ் கோர்ஸில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் விடியற்காலை நடக்க ஆரம்பித்து ஏழு வருடம் ஆகிறது. 84 கிலோவில் ஆரம்பித்தேன், இப்போது 70. கூட நடப்பவர்கள் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் என்பதால் எடை சம்பந்தமான சந்தேகம் எல்லாம் என்னிடம் வருகிறது. அதில் பாதிக்கு மேல் ஒரே சந்தேகம்தான்: உடற்பயிற்சியில் போன கலோரியைச் சாப்பாட்டில் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா? வாய்வழியாகச் சொல்லிச் சொல்லி, பாதி பேர் பாதியை மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டு அவரவர் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அதென்னங்க "திரும்பச் சாப்பிடறது"? சாப்பாடு சாப்பாடுதானே?

வீட்டுக் கணக்கில் வரவை விடச் செலவு கூடினால் துண்டு விழுகிறது என்போம். வீட்டில் துண்டு விழுந்தால் கஷ்டம், எடை குறைப்பவருக்கு அதுதான் வேண்டும். சாப்பிடுவது வரவு, உடம்பு செலவழிப்பது செலவு. விழும் துண்டை உடம்பு தன் கொழுப்பிலிருந்து எடுத்துச் சரிக்கட்டுகிறது. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி துண்டு விழ வேண்டும்.

இப்போது நீங்கள் நடக்கிறீர்கள், செலவு கூடுகிறது. கூடிய செலவுக்கு ஈடாக அன்றைக்குச் சாப்பாட்டையும் கூட்டினால் அதுதான் "திரும்பச் சாப்பிடுவது". 170 கலோரிக்கு நடந்துவிட்டு, வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் 170 கலோரி சாப்பிட்டால் நடையால் துண்டு கூடவில்லை. இதய ஆரோக்கியம், தூக்கம், மூட்டு என்று மற்ற நன்மை எல்லாம் அப்படியே இருக்கும். எடைக் கணக்கில் மட்டும் அது பூஜ்யம்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க. சாப்பிடலாமா, கூடாதா?

தினமும் ஒரு மணி நேரம் நடப்பவர் என்றால் பெரும்பாலும் தேவையில்லை. ஒரே நாளில் இரண்டு மணி நேரம் ஓடுகிறீர்கள், சைக்கிள் மிதிக்கிறீர்கள் என்றால் ஒரு பங்கைச் சாப்பிட்டே ஆக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு, அவர்களுடைய தினசரி அளவை எந்தக் கணக்கில் போட்டார்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். ஒரே நடையை இரண்டு தடவை கணக்கில் எழுதிவிடக் கூடாது. நான் பார்த்த வரையில் குழப்பம் எல்லாம் அந்த ஒரு இடத்தில்தான்.

ஒரு மணி நேர வாக்கிங்ல நிஜமா எவ்வளவுதான் போகும்?

மனக்கணக்காகவே போட்டுவிடலாம். சமதரையில் நடக்கும்போது, உங்கள் எடையைக் கிலோமீட்டரால் பெருக்கிப் பாதியாக்குங்கள். 70 கிலோ உள்ளவர் ரேஸ் கோர்ஸில் இரண்டு சுற்று நடந்தால் சுமார் 5 கிலோமீட்டர். 70ஐ 5ஆல் பெருக்கினால் 350, அதில் பாதி 175. நடந்ததால் கூடுதலாகப் போனது அவ்வளவுதான். ஓடினால் பாதியாக்க வேண்டாம். எடையைக் கிலோமீட்டரால் பெருக்கி வருவதில் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும்.

175 என்றதும் நிறையப் பேருக்கு முகம் வாடிவிடுகிறது. வாட வேண்டாம். வாரத்தில் ஆறு நாள் நடந்தால் 1,050 ஆகிறது. ஏறக்குறைய ஏழு வாரத்தில் ஒரு கிலோ, சாப்பாட்டில் கை வைக்காமலே. ஆனால் அந்த 175ஐத் தினமும் தட்டில் திரும்பப் போட்டுக்கொள்ளாமல் இருந்தால்தான்.

என் வாட்ச் 320ன்னு காட்டுதே! நீங்க பாதிதான் சொல்றீங்க?

வாட்ச் காட்டுவதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. அந்த ஒரு மணி நேரம் நீங்கள் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடம்பு மூச்சு விடவும் இதயம் துடிக்கவும் கிலோவுக்கு ஒரு கலோரி என்ற அளவில் செலவு செய்யும். 70 கிலோவுக்கு அது 70. அந்தச் செலவு உங்கள் அன்றாடக் கணக்கில் முன்பே சேர்ந்துவிட்டது. பல வாட்சுகள் அதையும் நடைக் கணக்கில் சேர்த்தே காட்டும்.

அது போக, வாட்ச் கலோரியை அளப்பதில்லை, ஊகிக்கிறது. நாடித் துடிப்பு, கை அசைவு, நீங்கள் கொடுத்த வயது, எடை இவற்றை வைத்துப் போடும் மதிப்பீடு அது. ஏப்ரல் வெயிலில் அதே தூரம் நடந்தாலும் துடிப்பு ஏறும், காபி குடித்துவிட்டு வந்தாலும் சிலருக்கு ஏறும். கலோரி அந்த அளவுக்குக் கூடியிருக்காது. 2017இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் கையில் கட்டும் ஏழு கருவிகளை 60 பேரிடம் சோதித்தார்கள். துடிப்பை எண்ணுவதில் ஏழில் ஆறு கருவிகளின் பிழை ஐந்து சதவீதத்துக்குள் இருந்தது. கலோரியிலோ, இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். அதற்குப் பிறகு கருவிகள் மாறியிருக்கின்றன, ஆனாலும் அந்த எண்ணை நம்பித் தட்டை நிரப்பும் அளவுக்கு நான் போக மாட்டேன். துடிப்புக்கும் அடிக்கணக்குக்கும் வாட்சை நம்புங்கள். டிரெட்மில்லும் இதே ரகம்தான். எடையைக் கேட்காத மெஷின் யாரோ ஒருவருக்குக் கணக்குப் போடுகிறது.

ஆப்பே "இன்னும் 320 சாப்பிடலாம்"னு கூட்டிக் குடுக்குது. அது சொல்றப்ப சாப்பிட்டா என்ன?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தினசரி அளவைப் போட இரண்டு வழி இருக்கிறது. உதாரணத்துக்கு 42 வயதுப் பெண் ஒருவர், உயரம் 158 சென்டிமீட்டர், எடை 68 கிலோ. 1990இல் வந்த மிஃப்லின் சூத்திரப்படி, அசையாமல் படுத்திருந்தாலே அவர் உடம்புக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,300 கலோரி வேண்டும். எடையைப் பத்தால் பெருக்கி, உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிக் கழித்து, பெண் என்றால் இன்னொரு 161 கழிக்க வேண்டும். ஆண் என்றால் அந்த 161 இல்லை, 5 கூட்ட வேண்டும்.

முதல் வழி: உட்கார்ந்த வாழ்க்கைக்கு உரிய 1.2ஆல் பெருக்குவது. 1,560 வரும். 350 துண்டு வேண்டுமென்றால் தினசரி அளவு 1,210. இதில் நடை சேரவில்லை. ஆகவே ஐந்து கிலோமீட்டர் நடந்த நாளில் 170 கூட்டி 1,380 சாப்பிட்டாலும் துண்டு அதே 350தான். மைஃபிட்னஸ்பால் போன்ற ஆப்கள் இந்த முறையில் கணக்குப் போடுகின்றன. பயிற்சியைத் தனியாகப் பதிந்தால் சாப்பாட்டு அளவைக் கூட்டிக் காட்டுவது அதனால்தான். இரண்டாவது வழி: வாரத்தில் சில நாள் பயிற்சி செய்பவருக்கு உரிய 1.375ஆல் முதலிலேயே பெருக்கிவிடுவது. 1,780 வரும், 350 கழித்தால் 1,430. இதில் நடை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. 1,380, 1,430 என்று இரண்டு வழியும் பக்கத்துப் பக்கத்து வீட்டில்தான் வந்து நிற்கின்றன, பாருங்கள்.

விபத்து எப்போது நடக்கிறது? இரண்டாவது வழியில் 1,430 எடுத்துக்கொண்டு, அதன் மேல் வாட்ச் சொன்ன 320ஐயும் கூட்டும்போது. 1,750 ஆகிவிட்டது. அந்த அம்மாவின் உண்மையான செலவோ நடையோடு சேர்த்து 1,560ம் 170ம் ஆக 1,730. துண்டே இல்லை. தினமும் விடியற்காலை எழுந்து நடந்து, பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டு, எழுதியும் வைத்து, மூன்று மாதம் எடை அசையாமல் அழுதவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர்கள் உழைப்பில் ஒரு குறையும் இல்லை. ஒரே நடை இரண்டு தடவை ஏறியிருந்தது, அவ்வளவுதான்.

நான் ரெண்டுல எந்த வழியில இருக்கேன்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?

ஆப்பில் முதன்முதலில் விவரம் கொடுத்தபோது "உங்கள் அன்றாட வாழ்க்கை எப்படி" என்று ஒரு கேள்வி வந்திருக்கும். அதில் நடைப்பயிற்சியை மனதில் வைத்து "ஓரளவு சுறுசுறுப்பு" என்பது போல அழுத்தியிருந்தால் இரண்டாவது வழி. திரும்பச் சாப்பிட வேண்டாம். வேலையை மட்டும் நினைத்து "உட்கார்ந்த வேலை" என்று கொடுத்திருந்தால் முதல் வழி. டயட்டீஷியன் எழுதிக் கொடுத்த அளவு என்றால் அவரிடமே, "இதில் என் நடை சேர்ந்திருக்கிறதா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சேர்த்தே எழுதியிருப்பார்கள்.

பாதி மட்டும் சாப்பிடுங்கன்னு சொல்றாங்களே, அதென்ன கணக்கு?

முதல் வழியில் இருப்பவர்களுக்கான யோசனை அது, எனக்கும் பிடித்த யோசனை. எரித்ததாக வாட்சோ ஆப்போ காட்டுவதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது. அந்த எண் பெரும்பாலும் கூடுதலாகத்தான் இருக்கும் என்பதை மேலே பார்த்தோம். நம் சாப்பாட்டுக் கணக்கு இன்னொரு பக்கம் குறைவாக இருக்கும். 1992இல் நியூயார்க்கில் ஓர் ஆய்வு: எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களை அளந்து பார்த்தார்கள். சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மனித மனம் அப்படித்தான் நினைவு வைக்கிறது.

நம் சமையலில் இது இன்னும் சுலபமாக நடக்கும். தாளிப்பில் ஊற்றும் எண்ணெயை யாரும் எழுதுவதில்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. பொரியலுக்கு ஒன்று, குழம்புக்கு ஒன்று, தோசைக் கல்லில் சுற்றி விட்டது ஒன்று; ஒருவர் பங்குக்கு எவ்வளவு வந்தது என்று யாருக்குத் தெரியும்? பாதி மட்டும் சாப்பிடுவது இந்த இரண்டு பிழைக்கும் இடம் விட்டு வைக்கிறது.

வாக்கிங் முடிஞ்சு எல்லாரும் சேர்ந்து ஒரு வடை, ஒரு காபி. இதுகூடக் கூடாதுன்னா எப்படி?

அந்த அரட்டையைத் தயவுசெய்து விடாதீர்கள். மழை நாளில்கூட நம்மை எழுப்பி நடக்க வரவைப்பது அந்த நட்புதான். தட்டில் இருப்பதை மட்டும் கொஞ்சம் மாற்றலாம். ஓட்டல் அளவு மெதுவடை ஒன்று, குடித்திருக்கும் எண்ணெயைப் பொறுத்து 120 முதல் 170 கலோரி. இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட ஃபில்டர் காபி சுமார் 100. ஐந்து கிலோமீட்டர் நடை, மேசையை விட்டு எழுவதற்குள் முடிந்துவிடுகிறது. சாம்பார் வடையாக இரண்டு சொன்னால் மறுநாள் நடையும் முன்கடனாகப் போய்விடும்.

சர்க்கரை இல்லாத காபி, வாரத்தில் ஒரு நாள் மட்டும் வடை என்று எங்கள் செட் இப்போது மாறிவிட்டது. மற்ற நாளில் ஒருவர் வீட்டிலிருந்து சுண்டலோ அவித்த முட்டையோ கொண்டு வருகிறார். இது என் சொந்த விருப்பம்தான். வடையைக் காலை உணவின் பங்காகவே எழுதிவிட்டு ஒரு இட்லியைக் குறைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். கணக்கில் ஏறினால் சரி.

நடந்த அன்னிக்குப் பசி தாங்கல. அப்பவும் பட்டினி கிடக்கணுமா?

வேண்டாம். பசி வந்தால் சாப்பிடுங்கள். சில கேள்விகளை மட்டும் முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் குடித்தேனா? முந்தின இரவு ஒழுங்காகத் தூங்கினேனா? காலையில் புரதம் இருந்ததா? வெறும் இட்லி, சட்னி என்றால் பதினொரு மணிக்குப் பசிப்பது இயல்பு. இரண்டு முட்டையோ, ஒரு கிண்ணம் சுண்டலோ, பாசிப்பயறோ சேர்த்தால் மதியம் வரை தாங்கும். மோரும் கொய்யாவும் நல்ல துணை.

அதற்கு மேலும் பசி நிற்கவில்லை, வாரக்கணக்கில் இப்படி இருக்கிறது என்றால் உங்கள் அளவு குறைவாகப் போடப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். 100 அல்லது 150 கலோரி கூட்டுங்கள். எடை கொஞ்சம் மெதுவாக இறங்கும், ஆனால் நீங்கள் பாதியில் விட மாட்டீர்கள். இரவு பத்து மணிக்கு ஃபிரிட்ஜைத் திறந்து நிற்பதை விட இது எவ்வளவோ மேல்.

திரும்பச் சாப்பிடாம விட்டா இன்னும் வேகமாக் குறையுமில்ல? நல்லதுதானே?

ஓரளவு வரைக்கும்தான். 1,210 அளவு போட்டிருக்கும் அந்தப் பெண், நடையோடு நிற்காமல் சாயங்காலம் ஜும்பா வகுப்புக்கும் போய் மொத்தம் 500 எரித்துவிட்டு ஒன்றும் கூட்டாமல் இருந்தால், உடம்பின் மற்ற எல்லா வேலைக்கும் மிஞ்சுவது 710 கலோரி. ஒரு வாரம் ஓடும். மாதக்கணக்கில் ஓடாது. தசை கரையும், தலைமுடி இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டும், வேகமாக எடை இறங்கினால் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பும் கூடுகிறது.

பெண்களிடம் இதை அழுத்தியே சொல்வேன். பயிற்சி கூடிச் சாப்பாடு குறையும்போது மாதவிடாய் தள்ளிப்போனால், நின்றுபோனால், அதை "உடம்பு லேசாயிடுச்சு" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உழைப்புக்கு ஏற்ற ஆற்றல் கிடைக்காமல் உடம்பு ஒவ்வொரு வேலையாக நிறுத்துகிறது. எலும்பும் அதோடு சேர்ந்து பலவீனமாகும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இதற்காகவே வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஓர் அறிக்கை வெளியிட்டது. வீராங்கனைகளுக்கு மட்டும் வருவதில்லை. கல்யாணத்துக்கு முன் இளைக்க நினைக்கும் நம் வீட்டுப் பெண்ணுக்கும் வரும். அப்படி ஒன்று நடந்தால் திரும்பச் சாப்பிடுவது அவசியம், டாக்டரைப் பார்ப்பதும் அவசியம்.

எனக்கு ரெண்டு குழந்தை, ஒண்ணு இன்னும் தாய்ப்பால் குடிக்குது. நானும் நடக்கறேன்.

பால் சுரக்க உடம்பு தனியாகச் செலவு செய்கிறது. முதல் ஆறு மாதத்துக்குத் தினமும் 600 கலோரியும் அடுத்த ஆறு மாதத்துக்கு 520 கலோரியும் கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) கொடுக்கும் அளவு. இந்தக் காலத்தில் கலோரிக் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, நடந்துவிட்டு, பசிக்குச் சாப்பிடுங்கள்.

சுகர் மாத்திரை போடறேன். நடந்துட்டு வந்தா கை நடுங்குது. அப்பவும் சாப்பிடக் கூடாதா?

இங்கே எடைக் கணக்கே கிடையாது. உடனே சாப்பிட வேண்டும். கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகள், இன்சுலின் இவற்றோடு நடை சேரும்போது சர்க்கரை தடாலென்று இறங்கலாம். கை நடுக்கம், வேர்வை, படபடப்பு, கண் இருட்டுவது இவை அதன் அறிகுறிகள். ரத்தச் சர்க்கரை அளவு 70க்குக் கீழே போனால் மூன்று ஸ்பூன் சர்க்கரையை, அதாவது 15 கிராமை, தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. பிறகு ஏதாவது உணவு.

சட்டைப் பையில் குளுக்கோஸ் இல்லாமல் நடக்கக் கிளம்பாதீர்கள். இது திரும்பத் திரும்ப வந்தால் தினமும் சர்க்கரைத் தண்ணீர் குடித்துச் சமாளிப்பது தீர்வு இல்லை. எடை இறங்க இறங்க மருந்தின் அளவையும் குறைக்க வேண்டியிருக்கலாம், அதை டாக்டர்தான் செய்ய வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகவும் குறைவு. நடையின் விளைவு சிலருக்கு மறுநாள் வரைகூட நீடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பௌர்ணமிக்குக் கிரிவலம் போறோம். 14 கிலோமீட்டர். வழியெல்லாம் அன்னதானம். சாப்பிடலாமா?

தாராளமாக. மேலே சொன்ன மனக்கணக்குப்படி 70 கிலோ உள்ளவருக்குக் கிரிவலத்தில் 490 கலோரி போகும். அதில் பாதி 250. ஒரு தொன்னை சாம்பார் சாதமோ, நெய் கம்மியான பொங்கலோ அதற்குள் வரும். நான்கு இடத்தில் நான்கு தொன்னை வாங்கினால் கணக்கு வேறு. இரவு முழுக்க வெறுங்காலில் நடப்பவருக்குக் கலோரியை விடத் தண்ணீரும் உப்பும் முக்கியம். மோர் கொடுக்கும் இடத்தில் நின்று குடித்துவிட்டுப் போங்கள்.

பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் கதை வேறு. ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் என்றால் 1,050 கலோரி, அதுவும் நாள் தவறாமல். அங்கே பாதி என்ற விதியை விட்டுவிடுங்கள். முக்கால்வாசியாவது திரும்பச் சாப்பிடவில்லை என்றால் மூன்றாம் நாள் கால் எடுத்து வைக்க முடியாது. தைப்பூசத்துக்கு நடப்பது எடை குறைக்க இல்லையே.

வாரம் பூரா ஆபீஸ். ஞாயித்துக்கிழமை மட்டும் சிறுவாணி ரோட்டுல ரெண்டு மணி நேரம் சைக்கிள்.

வேகமாக மிதித்தால் இரண்டு மணி நேரத்தில் 700 முதல் 950 வரை போகலாம். அதில் பாதியைச் சாப்பிடுங்கள், ஆனால் முழுவதையும் ஞாயிறு மதியமே சாப்பிட வேண்டும் என்று இல்லை. பல பேருக்கு அன்றைக்குப் பசியே இருக்காது, திங்கட்கிழமை வந்து உலுக்கும். வாரத்தை ஒரே கணக்காக வைத்து ஞாயிறும் திங்களுமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் மிதிப்பதாக இருந்தால் நடுவில் ஒரு வாழைப்பழம். "சைக்கிள் ஓட்டினேனே" என்று பிரியாணியில் உட்கார்ந்தால் மொத்தமும் அங்கேயே போய்விடும்.

ஜிம்ல வெயிட் தூக்கறேன். வாட்ச் ரொம்பக் கம்மியாக் காட்டுது. புரோட்டீன் பவுடர் குடிக்கறதும் கணக்குல வருமா?

வரும். ஒரு ஸ்கூப் பவுடரில் சுமார் 120 கலோரி இருக்கிறது, பாலில் கலந்தால் பாலின் கலோரியும் சேரும். முக்கால் மணி நேரம் எடை தூக்குவதில் கூடுதலாகப் போவது 130இலிருந்து 200தான். அதைத் தனியாகத் திரும்பச் சாப்பிட வேண்டியதில்லை. இருக்கிற அளவுக்குள் புரதத்தின் பங்கைக் கூட்டினால் போதும். சாதாரணமாகக் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்கிறது ஐசிஎம்ஆர். எடை குறைக்கும் காலத்தில் 1.2 வரை போவது தசையைக் காக்கும். சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

மில்லுல எட்டு மணி நேரம் நின்னு நடந்துட்டே வேலை. அதையும் எக்சர்சைஸ்னு போடலாமா?

போடலாம், ஆனால் பயிற்சி என்று தனியாகப் பதிய வேண்டாம். அது உங்கள் அன்றாட வாழ்க்கை. ஆப்பில் அன்றாட வாழ்க்கை பற்றிய கேள்விக்கே "சுறுசுறுப்பான வேலை" என்று கொடுங்கள். நாள் முழுக்க நிற்பவரை ஆப் உட்கார்ந்த வேலைக்காரராக நினைத்தால், கொடுக்கும் அளவு போதாமல் மயக்கம்தான் வரும். கட்டட வேலை, வயல் வேலை, வீடு முழுக்கத் துடைத்துத் துணி துவைக்கும் வேலை எல்லாம் இதில் அடங்கும். வேலைக்கு மேல் தனியாக நடந்தால் அதை மட்டும் பதியுங்கள்.

கணக்கெல்லாம் சரியாத்தான் போட்டேன். மூணு வாரமா முள்ளு அசையல.

முதலில் முள் எப்படி ஏமாற்றும் என்று பாருங்கள். நடைப்பயிற்சி புதிதாக ஆரம்பித்தவரின் தசை தண்ணீர் பிடித்து வைக்கும். முந்தின நாள் கல்யாணச் சாப்பாடு, ஊறுகாய், அப்பளம் என்றால் உப்பினால் ஒரு கிலோ கூடிக் காட்டும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய வாரமும் அப்படியே. அதனால் காலையில் கழிப்பறை போய்விட்டு வெறும் வயிற்றில் தினமும் பார்த்து, ஏழு நாள் சராசரியை எழுதுங்கள். 350 துண்டு என்றால் மாதத்துக்கு ஒன்றேகால், ஒன்றரைக் கிலோதான் இறங்கும். அது தண்ணீரின் ஏற்ற இறக்கத்தில் எளிதாக மறைந்துவிடும்.

நான்கு வாரச் சராசரியும் அசையவில்லை என்றால் துண்டு விழவில்லை. அப்போது திரும்பச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு இன்னும் மூன்று வாரம் பாருங்கள். சூத்திரத்தை விட, வாட்சை விட, உங்கள் சொந்த நான்கு வாரம் சரியான கணக்கைச் சொல்லும். எதிர்ப் பக்கமும் அப்படித்தான்: வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் சாப்பாட்டைக் கூட்டுங்கள்.

எவ்வளவு நடந்தாலும் உடம்பு வேற எங்கயாவது மிச்சம் புடிச்சுரும்னு யூடியூப்ல சொல்றாங்களே. அப்ப நடந்து என்ன பிரயோஜனம்?

இதில் உண்மை இருக்கிறது, முடிவுதான் தவறு. மானிடவியலாளர் ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் தான்சானியாவில் வேட்டையாடிக் கிழங்கு தோண்டி வாழும் ஹட்சா மக்களின் ஆற்றல் செலவை அளந்து 2012இல் வெளியிட்டார்கள். நாள் முழுக்க நடக்கும் அவர்களின் மொத்தச் செலவு, உடல் அளவைச் சரிசெய்து பார்த்தால், மேலை நாட்டு நகரவாசிகளின் செலவிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. 2021இல் வந்த இன்னொரு பெரிய அலசல், கூடுதல் உழைப்பில் சராசரியாக 28 சதவீதத்தை உடம்பு வேறு இடத்தில் மிச்சம் பிடிக்கிறது என்றது. காலையில் நடந்தவர் மத்தியானம் அசையாமல் சோபாவில் கிடப்பது உண்டல்லவா? அதுவும் ஒரு பக்கம்.

அப்படியென்றால் 170 நடந்தால் கையில் நிற்பது 120 மாதிரி. முழுவதையும் திரும்பச் சாப்பிடாதீர்கள் என்பதற்கு இது இன்னொரு காரணம். நடையை நிறுத்தக் காரணம் ஆகாது. ஏழு வருடத்தில் என் ரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் நடை செய்ததை எந்தச் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் செய்யவில்லை.

நினைச்ச எடைக்கு வந்துட்டேன். இனியாவது நடந்ததைச் சாப்பிடலாமா?

இனி முழுவதும் சாப்பிட வேண்டும். துண்டு விழ வேண்டிய தேவை முடிந்துவிட்டது. ஆனால் பழைய எடையின் அளவுக்குப் போகாதீர்கள். 68 கிலோவில் நடையோடு சேர்த்து 1,730 செலவு செய்த அந்த அம்மா 59 கிலோவுக்கு வந்த பிறகு, படுத்திருக்கும் செலவு 1,210, உட்கார்ந்த வாழ்க்கைக்கு 1,450, நடைக்கு 150, மொத்தம் 1,600தான். சிறிய உடம்புக்குச் செலவும் சிறியது.

ஒரேயடியாக ஏற்றாமல் வாரத்துக்கு 100 கலோரியாகக் கூட்டுங்கள். முதல் இரண்டு வாரம் முள் அரைக் கிலோ, முக்கால் கிலோ ஏறும். சாதம் கூடியதால் தசையில் சேரும் சர்க்கரைச் சேமிப்பும் அது பிடித்து வைக்கும் தண்ணீரும் அது. பயந்து மறுபடி குறைக்காதீர்கள். வாரச் சராசரி எந்த அளவில் அசையாமல் நிற்கிறதோ, அதுதான் நடையும் சேர்ந்த உங்கள் சாப்பாடு. அந்த எண்ணை ஆப்பில் போட்டுவிட்டு, பயிற்சியைத் தனியாகப் பதிவதை அன்றோடு நிறுத்திவிடலாம்.